பனிக்குள் பாதி தெரிந்தால்தான் பயம்: ‘சைலண்ட் ஹில் எஃப்’ ரசிகர்களைப் பிரித்தது ஏன்?

மழைக்காலத்தில் மாலை ஐந்து மணி தாண்டிவிட்டால் வால்பாறையில் பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. தேயிலைச் செடியும் சில்வர் ஓக் மரமும் லைன் வீடுகளும் ஒரே வெள்ளையில் கரைந்துவிடும். இந்த ஊர்க்காரர்களுக்கு ‘சைலண்ட் ஹில்’ என்ற ஜப்பானிய வீடியோ கேமை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பனி மூடிய ஒரு சிற்றூர், உள்ளே என்ன நிற்கிறதென்று தெரியாமல் நடக்கும் ஒரு மனிதர்: அதன் அடிப்படையே அவ்வளவுதான்.

கொனாமி நிறுவனம் 1999-ல் தொடங்கிய வரிசை இது. 2012-ல் ‘டவுன்போர்’ வந்த பிறகு இந்த வரிசையில் முழுநீளப் பெரிய கதை எதுவும் புதிதாக வரவில்லை. 2014-ல் ‘பி.டி.’ என்ற சின்ன முன்னோட்டம் வந்தது. ஒரே ஒரு வீட்டு நடைபாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றவைத்தே ஆட்டக்காரர்களை உறையவைத்தது அது. கேம் வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் அதை முழு கேமாக எடுப்பதாக இருந்தார்கள். அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. ஆகவே 2025 செப்டம்பர் 25-ம் தேதி ‘சைலண்ட் ஹில் எஃப்’ வெளிவந்தபோது அதன் பின்னால் பதிமூன்று ஆண்டுக் காத்திருப்பு இருந்தது. சில நாட்களிலேயே விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

பாராட்டுதான் அதிகம். ஆனால் பாராட்டியவர்களிலேயே பலர் ஒரு விஷயத்தில் முகம் சுளித்தார்கள். கதை அருமை, ஊர் அருமை, அகிரா யமவோக்காவின் பங்களிப்போடு வந்த இசை அருமை. சண்டைதான் அதிகம் என்றார்கள். சண்டைதான் இந்த வரிசைக்கே புது ரத்தம் பாய்ச்சியது என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். ஆளாளுக்கு ரசனை வேறு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்தப் பிளவு நன்றாகவே காட்டுகிறது.

முதல் கேமில் பனி வந்ததே ஒரு தொழில்நுட்பத் தேவையால்தான். அன்றைய பிளேஸ்டேஷன் கருவியால் தொலைவில் உள்ள தெருவையும் கட்டடத்தையும் ஒரே நேரத்தில் திரையில் வரைய முடியாது. வரைய முடியாததைப் பனியால் மூடினார்கள். மகள் ஷெரிலைத் தேடி ஊருக்குள் நுழையும் ஹாரி மேசனிடம் ஒரு கைடக்க ரேடியோவும் கிடைக்கும். ஏதாவது ஒரு கோர உருவம் நெருங்கினால் அது கரகரவென்று இரையும். எந்தப் பக்கம், எத்தனை, எவ்வளவு பெரிது, ஒன்றும் சொல்லாது. ஏதோ வருகிறது என்பது தெரியும், எது என்பது தெரியாது. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக இந்த வரிசையைத் தூக்கி நிறுத்தியிருப்பது அந்தப் பாதித் தகவல்தான்.

தகவல் முழுசாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வால்பாறையிலேயே சான்று இருக்கிறது. இங்கே பனிக்குள் நிற்பது நிஜ யானை. ஆனைமலைக் காடுகளுக்கு நடுவே தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கும் பீடபூமி இது. யானைகளின் வழியும் தொழிலாளர்களின் வழியும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நடந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை யானை அங்கே நிற்பதே தெரியாமல் அதன் எதிரில் போய் நின்றதால் நேர்ந்தவை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் இதைக் கண்டறிந்து, வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்கினார்கள். யானை இருக்கும் இடம் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். முக்கியமான இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் போனிலிருந்தே இயக்கலாம். விளக்கு எரிந்தால் பஸ்ஸை விட்டு இறங்குபவர் நின்று யோசிப்பார். இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது.

வனவிலங்குகளிடம் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே 2025-லும் உண்டு. அந்தத் துயரத்தை ஒரு விளையாட்டோடு ஒப்பிட மாட்டேன். தகவல் செய்யும் வேலையை மட்டும்தான் ஒப்பிடுகிறேன். கம்பத்து விளக்கு ‘இங்கே யானை’ என்று முழுசாகச் சொல்கிறது. அதனால் உயிர் பிழைக்கிறது. கேமில் வரும் ரேடியோ பாதியோடு வாயை மூடிக்கொள்கிறது. அதனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ஒரு பேய் கேமின் அடுத்த பாகத்துக்குப் பெரிய இடைஞ்சல் இதுதான்: வாங்குபவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். பனி தெரியும், ரேடியோ தெரியும், சைரன் ஒலித்தால் ஊரே துருப்பிடிக்கும் என்பதும் தெரியும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு வழி தேடியது. 2001-ல் வந்த இரண்டாம் பாகம், இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி ஊருக்கு வரும் ஒருவனின் குற்ற உணர்ச்சியையே பூதமாக்கியது. அவனுக்குச் சண்டை போடவும் வராது. பலகைக் கட்டையைத் தாறுமாறாக வீசுவான். 2004-ல் வந்த நான்காம் பாகம் பூட்டிய அடுக்குமாடி வீட்டுக்குள் கதையை வைத்தது. அன்று ஏமாந்துபோன ரசிகர்கள் பலர் பின்னாளில் அதற்காக உருகினார்கள். 2008-ன் ‘ஹோம்கமிங்’, ராணுவத்திலிருந்து திரும்புபவனாகக் காட்டப்படும் நாயகனுக்கு லாகவமான அடிதடியைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ‘ஷாட்டர்ட் மெமரிஸ்’ சண்டையையே எடுத்துவிட்டு, ஓடு என்றது. அதுவும் முழுப் பலன் தரவில்லை. உலகம் பனிக்கட்டியாக உறையும்போதுதான் துரத்தல் வரும், மற்ற நேரத்தில் ஆபத்தில்லை என்று ஆட்டக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

‘எஃப்’ ஊரையே மாற்றிவிட்டது. அமெரிக்கச் சிற்றூர் போய், 1960-களின் ஜப்பானில் எபிசுகவோக்கா என்ற கற்பனை மலைக்கிராமம் வந்தது. கிஃபு மாநிலத்தில் கெரோ நகரைச் சேர்ந்த கனயாமாவை மாதிரியாக வைத்து உருவாக்கியது. எழுதியவர் ‘ஹிகுராஷி’ புகழ் ரியூகிஷி07; உருவாக்கியது தைவானில் இயங்கும் நியோபார்ட்ஸ். நாயகி ஹினாக்கோ, பள்ளி மாணவி. வீட்டில் குடித்துவிட்டு மிரட்டும் அப்பா, எதிர்த்துப் பேசாத அம்மா, கல்யாணமாகிப் போய்விட்ட அக்கா. பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊரே சொல்கிறது. அந்த ஊருக்குள் பனி இறங்குகிறது, அதோடு சிவப்புப் பூக்கள் சுவரிலும் உடலிலும் படர்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள், தகரக் கூரைகள், எங்கே திரும்பினாலும் பழைய இடத்துக்கே கொண்டுவிடும் படிகள். இந்த மாற்றத்தைத்தான் ரசிகர்கள் எதிர்ப்பார்கள் என்று நான் நினைத்திருப்பேன். ஆனால் அதைத்தான் பெரும்பாலோர் மனதார ஏற்றுக்கொண்டார்கள். தெரியாத ஊர் என்பதால் பழைய பாடம் எதுவும் கைகொடுக்கவில்லை. பாதித் தகவல் மறுபடி பாதித் தகவலானது.

சண்டை அப்படியில்லை. துப்பாக்கி கிடையாது, இரும்புக் குழாய், அரிவாள், கோடரி, சம்மட்டி என்று கையில் கிடைப்பதுதான் ஆயுதம். அடிக்க அடிக்கத் தேயும், ஒரு கட்டத்தில் உடையும். பழுதுபார்க்கும் பெட்டி இருந்தால் சரிசெய்யலாம். ஓடவும் வீசவும் மூச்சு வேண்டும். அது தீர்ந்தால் ஹினாக்கோ நின்று வாங்கும் மூச்சிரைப்பு நமக்கே வலிக்கும். முதல் சில மணி நேரம் இது பயத்துக்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. உடையப்போகும் குழாயோடு சந்தில் திரும்புவதைவிட மோசமான நிலைமை ஏது? ஆனால் எதிரி தாக்கும் நேரத்தில் ஒரு கணம் சிவப்பாக மின்னும். அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தினால் எதிரடி விழும். நாலைந்து முறை செத்துப் பழகிய பிறகு கண் அந்த மின்னலை மட்டும்தான் தேடுகிறது. அதற்குமேல் எதிரே நிற்கும் உருவத்தின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பிற்பகுதியில் எதிரிகள் கூட்டமாக வருகிறார்கள், எல்லோரையும் வீழ்த்தினால்தான் வழி திறக்கும் இடங்களும் உண்டு. ஹினாக்கோவுக்கும் பலம் கூடிவிடுகிறது. தகவல் முழுசாகிவிட்டது, பயம் வடிந்துவிட்டது. முகம் சுளித்தவர்களின் குறை எனக்கு நியாயமாகவே படுகிறது.

இதில் இன்னொரு கூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அமெரிக்காவில் 70 டாலர் விலை. அதை ஓட்ட பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவி அல்லது நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். எஸ்டேட் கூலியில் அது கட்டுப்படியாகாது. நம் பகுதிப் பையன்களும் பெண்களும் இப்படிப்பட்ட கேம்களை யாரோ ஆட, யூடியூபில் பார்ப்பதே வழக்கம். பார்ப்பவருக்குக் கதை முழுசாகக் கிடைக்கிறது, சண்டையின் அலுப்பு கையில் ஏறுவதில்லை. சலித்தால் விரலால் தள்ளிவிடலாம். கன்ட்ரோலரைப் பிடித்தவர் அதே சண்டையை மூன்று முறை தோற்றுக் கடந்திருப்பார். ஒரே கேமைப் பற்றி ஒருவர் உருகுவதும் இன்னொருவர் கொதிப்பதும் பல நேரம் இதனால்தான்.

கதையிலும் ஒரு பிடி இருக்கிறது. முதல் தடவை முடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே முடிவுதான் கிடைக்கும். மொத்தம் ஐந்து முடிவுகள். மற்றவற்றைக் காண மறுபடி ஆட வேண்டும். இரண்டாவது முறை அதே காட்சிகளில் புதிய வரிகள், புதிய குறிப்புகள் வருகின்றன, முதல் முறை கண்ணில் பட்டது வேறு அர்த்தம் கொள்கிறது. பொறுமை இருப்பவருக்கு இது விருந்து. அதே சண்டைகளை இன்னொரு சுற்று போட வேண்டுமா என்று கேட்டவர்களும் பலர்.

கருத்துகளைப் படித்துவிட்டு வாங்க நினைப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீம் தளத்தில் கருத்து சொல்பவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பக்கத்திலேயே இருக்கும். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது அங்குள்ள விதி. அதனால் அவசரத் தீர்ப்புகளும் நிறைய வரும். ‘எஃப்’ போன்ற கேமில் ஒரு மணி நேரம் ஆடியவரின் பாராட்டையும் முப்பது மணி நேரம் ஆடியவரின் பாராட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பெற்றோர் கவனத்துக்கு: ஜப்பானிலேயே இதற்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான முத்திரைதான். உடல் சிதைவும் குடும்ப வன்முறையும் நேரடியாகக் காட்டப்படுகின்றன.

கருத்து எழுதிய தேதியையும் பார்ப்பது நல்லது. குறைகள் குவிந்த பிறகு, 2025 நவம்பரில் வந்த அப்டேட்டில் கொனாமி சண்டைக்கு இன்னும் எளிதான ஒரு நிலையைச் சேர்த்தது. பிற்பகுதியில் எதிரிகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. செப்டம்பரில் கொதித்தவர்கள் ஆடிய கேமும் இன்று ஒருவர் வாங்கி ஆடப்போகும் கேமும் முழுக்க ஒன்றல்ல.