களை பிடுங்கிய சிப்பாய்

எதிரிப் படை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் கண்முன்னால் அறுந்த தொலைபேசி வயரை ஒட்டுப்போட முடியுமா? முடியும் என்று காட்டியவர் கனடா நாட்டுச் சிப்பாய் டாமி பிரின்ஸ். மனிடோபா மாகாணத்தின் ஒஜிப்வே பழங்குடியில் பிறந்தவர்.

1944 பிப்ரவரி. இத்தாலியில் அன்சியோ பகுதியில் கடும் சண்டை. ஜெர்மானியர்களுக்கு மிக அருகில், ஆளில்லாத ஒரு பண்ணை வீட்டில் ஒளிந்துகொண்டு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போனில் தன் படைக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார் டாமி. திடீரென்று குண்டுவீச்சு. வயர் அறுந்துபோனது!

அவர் என்ன செய்தார் தெரியுமா? அங்கே கிடந்த விவசாயி உடையை மாட்டிக்கொண்டு, வெளியே வந்து களை கொத்த ஆரம்பித்துவிட்டார். கொத்திக்கொண்டே வயர் போன வழியில் நகர்ந்தார். அறுந்த இடம் வந்ததும், ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்து இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டார். பிறகு, நிலம் பாழான கோபத்தில் கத்தும் விவசாயி மாதிரி, இரண்டு படைகளையும் பார்த்து முஷ்டியை ஆட்டிவிட்டு, நிதானமாக வீட்டுக்குள் போனார்.

போன் மறுபடி பேசியது. அவர் தந்த தகவலால் நான்கு ஜெர்மன் டாங்கிகள் அழிந்தன. பிறகு, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரே டாமிக்குப் பதக்கம் அணிவித்தார்.