கேப்டன் அமெரிக்காவின் கேடயத்துக்கும் கேத்தி ரயில் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம், தெரியுமா?

கேப்டன் அமெரிக்காவின் கேடயம் ஏன் வட்டமாக இருக்கிறது, தெரியுமா? அந்த வட்டத்துக்குக் காரணமான காமிக்ஸ் கம்பெனியின் கதை நம் நீலகிரியில்தான் படமாக எடுக்கப்பட்டது, அதுவாவது தெரியுமா? நம் மஞ்சூரிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி, ஊட்டியில்! காரமடையிலிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஏறும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். இந்தக் கதையிலும் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!

1940 ஜனவரி. நியூயார்க்கில் எம்.எல்.ஜே. என்றொரு கம்பெனி 'பெப் காமிக்ஸ்' என்ற இதழைத் தொடங்குகிறது. அதன் நாயகன் பெயர் ஷீல்டு. அமெரிக்கக் கொடியையே உடையாகப் போட்டுக்கொண்டு வந்த முதல் சூப்பர் ஹீரோ இவர்தான், கேப்டன் அமெரிக்கா இல்லை! கேப்டன் வந்தது அடுத்த வருடம், 1941இல். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் முதல் இதழில் அவர் கையில் கொடுத்தது மேல் அகன்று கீழ் குறுகிய, ஏறக்குறைய முக்கோணக் கேடயம். "இது எங்கள் ஷீல்டின் மார்புக் கவசம் மாதிரியே இருக்கிறதே!" என்று எம்.எல்.ஜே. சண்டைக்கு வந்தது. இரண்டாவது இதழிலேயே கேடயம் வட்டமாகிவிட்டது. எறிந்தால் சுழன்றுபோய் நாலு பேரைச் சாய்த்துவிட்டுக் கைக்கே திரும்புகிற வித்தையெல்லாம் அந்த வட்டத்தால் வந்தது. 2011இல் வந்த முதல் மார்வெல் கேப்டன் படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: மேடை நாடகத்தில் ஆடும்போது அவர் கையில் அந்தப் பழைய கேடயம்தான் இருக்கும்!

சரி, ஷீல்டு என்ன ஆனார்? வில்லன் யாரும் அவரை வீழ்த்தவில்லை. 1941 டிசம்பரில், அதே பெப் காமிக்ஸின் 22ஆம் இதழில், பக்கம் நிரப்புவதற்காகச் சிவப்புத் தலையும் முகமெல்லாம் புள்ளியுமாக ஒரு பள்ளிக்கூடப் பையன் நுழைந்தான். பெயர் ஆர்ச்சி. பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது, பெட்டியா வெரோனிகாவா என்று முடிவு செய்யக்கூடத் தெரியாது! வாசகர்களுக்கு அவனைத்தான் பிடித்தது. சில வருடங்களில் சூப்பர் ஹீரோக்கள் மூட்டை கட்டினார்கள். 1946இல் கம்பெனியே தன் பெயரை ஆர்ச்சி என்று மாற்றிக்கொண்டது. அதோடு விட்டார்களா? 1965இல், 'பியூர்ஹார்ட்' என்ற பெயரில் ஆர்ச்சிக்கே முகமூடி மாட்டி சூப்பர் ஹீரோ ஆக்கிப் பார்த்தார்கள். தான் விரட்டிய ஆளின் சட்டையைத் தானே போட்டுக்கொண்டான்!

அந்த ஆர்ச்சிதான் 2022இல் ஊட்டிக்கு வந்தான். சோயா அக்தர் இயக்கத்தில் 'தி ஆர்ச்சீஸ்'. 2023 டிசம்பர் 7 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கதை நடப்பது 1964இல், ரிவர்டேல் என்ற கற்பனை மலை ஊரில். அமெரிக்கப் பிள்ளைகளை இந்திய மண்ணில் எப்படி நடமாட விடுவது? படக்குழு கண்டுபிடித்த வழி கெட்டிக்காரத்தனமானது: எல்லாரையும் ஆங்கிலோ இந்தியர்களாக்கிவிட்டார்கள். ஆர்ச்சி ஆண்ட்ரூஸ், பெட்டி கூப்பர் என்ற பெயர்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை! ஆனால் ஒரு சின்ன மனக்குறை. படத்தில் ரிவர்டேல் வடக்கே எங்கோ இருக்கிறதாம். பனிமூட்டம் நம்முடையது, பெயர் மட்டும் வேறு ஊருக்கு. ஊட்டிக்கு இது பழக்கம்தான். காஷ்மீராகவும் சிம்லாவாகவும் அது எத்தனையோ முறை வேஷம் கட்டியிருக்கிறது. கதையின் முடிச்சு இன்னும் வேடிக்கை: ஊர்ப் பூங்காவை இடித்து ஓட்டல் கட்டப் பார்க்கிறார் வெரோனிகாவின் அப்பா, பிள்ளைகள் தடுக்கிறார்கள். இதை நீலகிரிக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போகிற போக்கில் ஒன்று. சினிமாவுக்கு ஊட்டி கொடுத்தது மலையும் மஞ்சும் மட்டும்தானா? பிலிமே கொடுத்திருக்கிறது! மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, 1967இலிருந்து ஊட்டி இந்து நகர் ஆலையில் பிலிம் உற்பத்தி செய்தது. தூசு குறைவு, குளிர் அதிகம். பிலிமுக்கு அதைவிட என்ன வேண்டும்? இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது.

'தி ஆர்ச்சீஸ்' படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் சரத் தேவராஜன். 2004இல் சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் இருவரோடும் சேர்ந்து இந்திய ஸ்பைடர்மேனை உருவாக்கியவரும் இவரே! பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனார், மேரி ஜேன் மீரா ஜெயின் ஆனார், அங்கிள் பென் பீம் மாமா ஆனார். சிலந்தி கடித்துத்தானே சக்தி வரும்? இந்தக் காமிக்ஸில் ஒரு யோகி கொடுக்கிறார்! அந்தப் பவித்ர் 2023 ஜூனில் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் 'மும்பாட்டன்' நகரத்தில் வேட்டியைப் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு துள்ளித் திரிந்தார். ஆறே மாதத்தில் ஆர்ச்சி.

இப்போதுதான் பெரிய வளைவு. 'ஆர்ச்சீஸ்' படத்தில் பெட்டியாக அறிமுகமான குஷி கபூர் யார் மகள்? ஸ்ரீதேவி மகள்! அந்த ஸ்ரீதேவி முன்பு எங்கே நடித்தார்? ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில், 1982இல் வெளியான 'மூன்றாம் பிறை'க்காக! மழையில் கமல் குரங்காட்டம் ஆடிக் கதற, அடையாளம் தெரியாமல் ரயிலில் போய்விடுகிறாரே, அந்த ஸ்டேஷன்தான். அம்மா ரயிலேறிப் போன மலைக்கு, நாற்பது வருடம் கழித்துத் தன் முதல் படத்துக்காக மகள் வந்து இறங்குகிறாள். கதையாக எழுதினால் நம்புவீர்களா?

இன்னும் இருக்கிறது. குஷியின் அப்பா போனி கபூர் தயாரித்து, அம்மா நாயகியாக நடித்த படம் 'மிஸ்டர் இந்தியா', 1987. கையில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டால் ஆள் மாயமாகிவிடுவார், சிவப்பு வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிவார். தமிழில் அதுவே பாக்யராஜின் 'என் ரத்தத்தின் ரத்தமே'. ஆளை மறைக்கும் வித்தைக்குக் கணினி வேண்டும் என்று நினைக்கிறீர்களா? 1933இலேயே ஹாலிவுட் செய்துவிட்டது! நடிகருக்கு உடம்பு முழுக்கக் கறுப்பு வெல்வெட்டைச் சுற்றி, அதன் மேல் சட்டையை மாட்டி, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார்கள். பிலிமில் சட்டை மட்டும் விழும். அதைத் தனியாக எடுத்த அறையின் காட்சியோடு சேர்த்து அச்சிட்டால் சட்டை தானாக நடக்கும்!

ஸ்ரீதேவி பிறந்த ஊர்? சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டி. சிவகாசி என்றதும் காமிக்ஸ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள்! 1972இல் முத்து காமிக்ஸ் அங்கிருந்துதான் கிளம்பியது. முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. மூலம் பிரிட்டனில் 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழ். ஓவியம் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வகத்து விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்பில் ஒரு கை. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் காற்றில் மிதக்கும்! நம் தலைமுறையே தலையணைக்கடியில் ஒளித்து வைத்துப் படித்த நல்லவர் மாயாவி. ஆனால் ஆரம்பக் கதையில் அவர் கொள்ளைக்காரர், தெரியுமா? பிறகுதான் திருந்தி உளவாளி ஆகிறார்.

சிவகாசிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1984இல் அங்கிருந்தே வந்த லயன் காமிக்ஸில் நாம் அலைந்து திரிந்து வாங்கிப் படித்த ஸ்பைடர், அதாவது வலைத் துப்பாக்கியும் ஹெலிகாருமாகத் திரிந்த குற்றச் சக்கரவர்த்தி, அவர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! 1938இல் சூப்பர்மேன் உரிமையைச் சீகலும் நண்பர் ஷுஸ்டரும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். அந்தச் சூப்பர்மேனைப் பெரிய செலவில் படமாக்க முனைந்தபோது அவர்களின் வறுமை பத்திரிகைகளில் சந்தி சிரித்தது. 1975இல்தான் உரிமையை வைத்திருந்த கம்பெனி ஆளுக்கு வருடம் 20,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பறக்கிற ஆளைக் கண்டுபிடித்தவர்கள் தரையில் பட்ட பாட்டைப் பாருங்கள்!

மாயாவி மட்டும் இன்னும் தமிழ்த் திரைக்கு வந்தபாடில்லை. கோவைப் பக்கத்துக் கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' தன் கனவுப் படம் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறார். எடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் பெரிதாக இல்லை. நடிகருக்குத் தலை முதல் கால் வரை பச்சை உடை, வலக்கையில் மட்டும் இரும்பு உறை. அதே கோணத்தில் ஆளில்லாத காட்சியை இன்னொரு முறை எடுத்துக்கொண்டு, பச்சை இருக்கும் இடத்தில் அதை நிரப்பினால் முடிந்தது. வெல்வெட்டின் வேலையைப் பச்சைத் துணி செய்கிறது. படப்பிடிப்புக்கு இடம் தேடுகிறார்களென்றால் நாங்கள் சொல்வோம்: மஞ்சூர்! கனடா உதவியோடு கட்டிய குந்தா மின்திட்டம் எங்கள் காலடியில்தானே இருக்கிறது? கெத்தை மின்நிலையத்தில் 175 மெகாவாட், பரளியில் 180. மாயாவிக்கு ஒரு பிளக் பாயின்ட் போதும்!