பயணத்திற்கு முன் மூன்று கேள்விகள்: எந்த மாதம்? எந்த நாள்? மேலே மழையா?

பாரோய் -
விடுமுறை நெருங்கிவிட்டால் பாரோய் வட்டாரத்து வீடுகளில் இரண்டு பேச்சு அடிபடும். ஒன்று, உலு பெண்டுல் ஆற்றுக்கோ போர்ட்டிக்சன் கடற்கரைக்கோ குடும்பத்தோடு ஒரு நாள் போய் வருவது. மற்றொன்று, சேர்த்து வைத்த காசில் தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போவது. வேன் வாடகை, விமான டிக்கெட், தங்கும் விடுதி என எல்லாவற்றையும் பத்து பேரிடம் விசாரிக்கிறோம். மழையை மட்டும் புறப்படும் காலையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு விட்டுவிடுகிறோம்.

அது ஏன் போதாது, எதை எப்போது பார்க்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

காலநிலை வேறு, வானிலை வேறு

இவ்விரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். ஆனால், ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே மாதங்களில் அது நடக்கும். அதுதான் காலநிலை. விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. அதுதான் வானிலை. முன்னது மாதத்தைச் சொல்லும். பின்னது நாளைச் சொல்லும்.

பயணத்திற்கும் இதே கணக்குதான். டிக்கெட் எடுக்கும் முன் காலநிலையைப் பார்க்க வேண்டும். புறப்படும் முன் வானிலையைப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்தில் எப்போது மழை?

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை வீசும். அதன் தொடக்க மாதங்களில் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்களுக்குத்தான் பெருமழை. டிசம்பரில் அந்தப் பக்கம் உல்லாசப் பயணம் போடுவது பொருத்தமல்ல.

நம் பக்கம் நிலைமை வேறு. நெகிரி செம்பிலானில் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை கூடும். பிப்ரவரியிலும் ஆண்டின் நடுவிலும் குறையும். மழை மாதங்களில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலை வெயிலில் நிலம் சூடேறி, ஈரக் காற்று மேலெழுந்து, மதியத்திற்குள் மேகம் திரண்டுவிடுவதே காரணம். மலைப்பகுதியில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே, மலை, ஆறு, அருவி என்றால் காலையிலேயே போய் மதியத்திற்குள் திரும்பிவிடுவது நல்லது.

கடற்கரைக்கு இது பொருந்தாது. மே முதல் ஆகஸ்டு வரை மலாக்கா நீரிணையைக் கடந்து ‘சுமத்ரா’ எனப்படும் பலத்த காற்றும் மழையும் வருவதுண்டு. அது பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும் கரையைத் தொடும். போர்ட்டிக்சனில் கூடாரம் போட்டு இரவு தங்க நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இவை அனைத்தும் பல ஆண்டுக் கணக்கின் சராசரி. சராசரி என்பது உத்தரவாதமல்ல. 2021 டிசம்பரில் மேற்குக் கரையிலுள்ள சிலாங்கூரிலேயே ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பு நீரில் மூழ்கியதை நாம் மறக்க முடியாது. மாதம் நல்ல மாதமாக இருந்தாலும் நாளைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

தலைக்கு மேல் வெயில், மலைமேல் மழை

ஆற்றிலும் அருவியிலும் குளிக்கப் போகிறவர்களுக்கு மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: மேலே மழை பெய்கிறதா?

பாரோயிலிருந்து கோலப்பிலா சாலையில் புக்கிட் புத்துஸைத் தாண்டினால் உலு பெண்டுல். அங்கே ஓடும் நீர் 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த அங்சி மலைச் சரிவுகளிலிருந்து இறங்கி வருகிறது. குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டலாம். அந்த நீர் திரண்டு, சிறிது நேரத்தில் சுவர்போல் கீழே பாயலாம். இதைத்தான் மலாய்மொழியில் ‘கெப்பாலா ஆயிர்’ என்கிறார்கள். மலையிலிருந்து வரும் எந்த ஆற்றுக்கும் இது பொருந்தும்.

2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி கெடா, யான் மாவட்டத்தில் ஜெராய் மலைமேல் பெய்த கனமழை, அடிவாரத்தில் உள்ள தித்தி ஹாயுன் பகுதிக்கு மரங்களையும் பாறைகளையும் அடித்து வந்தது. உயிர்களும் போயின. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் பலர் குளித்துக்கொண்டிருந்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையால் திடீர் வெள்ளம் இறங்கியது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

தெளிந்த நீர் சட்டென்று கலங்குவது, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவது, நீர்மட்டம் ஏறுவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பாயையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுக்க நிற்கக்கூடாது. மறுகரைக்குக் கடக்கவும் முயலக்கூடாது.

முகாம் போடுபவர்கள் முந்தைய நாள்களின் மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங் காலி முகாம் தளத்தில் 31 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவுக்கு, அதற்கு முன் தொடர்ந்து பெய்த மழை முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. ஒரு வாரமாக நனைந்த மலைச்சரிவு, இன்று வெயில் அடிப்பதால் மட்டும் உறுதியாகிவிடாது.

தமிழ்நாட்டுப் பயணம்

ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டுக்குப் போவது நம்மவர்களின் வழக்கம். ஆனால், அங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. வங்கக்கடல் புயல்களுக்கும் அதுவே காலம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தால் பல நாள் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலின்போதும் அங்கு விமானச் சேவை நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் ஒரு நாளுக்கும் மேலாகத் தவித்தனர்.

தை பிறந்தபின் மழை ஓய்ந்து, வெயிலும் தணிந்திருக்கும். வயதானவர்களோடு கோயில் கோயிலாகப் போக ஜனவரி, பிப்ரவரி ஏற்றவை. மே மாதக் கத்திரி வெயிலில் பல ஊர்களில் வெப்பம் 40 டிகிரியை எட்டும். விடுமுறை டிசம்பரில்தான் கிடைக்கும் என்றால், திரும்பும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். மருந்து சாப்பிடுபவர்கள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே பார்ப்பது?

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் அகப்பக்கத்திலும் ‘மைசுவாச்சா’ செயலியிலும் ஏழு நாள் முன்னறிவிப்பு உண்டு. காலை, பிற்பகல், இரவு எனப் பிரித்தே தருகிறார்கள். ‘ரிபுட் பெத்திர்’ என்றால் இடியுடன் கூடிய மழை. ‘டி சத்து டுவா தெம்பாட்’ என்றால் ஓரிரு இடங்களில். ‘டி பெபெராப்பா தெம்பாட்’ என்றால் சில இடங்களில். சிரம்பானை மட்டும் பார்க்காமல், போகும் இடத்தின் மாவட்டத்தைப் பாருங்கள்.

தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிலைகளில் வரும். இடிமழை எச்சரிக்கை ஆறு மணி நேரத்திற்கு மேல் செல்லாது. எனவே முதல்நாள் இரவு பார்த்தது போதாது. புறப்படும்போதும், போய்ச் சேர்ந்த பின்னும் ஒருமுறை பாருங்கள். கைப்பேசியில் இணையம் இல்லாத பெரியவர்கள் 1-300-22-1638 என்ற எண்ணில் துறையை அழைத்துக் கேட்கலாம். ஆற்று நீர்மட்டத்தை நீர்ப்பாசன, வடிகால் துறையின் ‘இன்ஃபோ பஞ்சிர்’ அகப்பக்கம் காட்டும். தமிழ்நாட்டுக்கு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது.

வேனுக்குக் கொடுத்த முன்பணம் போய்விடுமே என்று பலர் எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் கிளம்பிவிடுகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே, மழை எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவார்களா என்று வேன்காரரிடம் கேட்டு வையுங்கள். அந்த ஒரு கேள்வி, பயணத்தைத் தள்ளிவைக்கும் துணிவைத் தரும். ஆறும் கடலும் அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.