அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

நம் ஊர்க் காவல் நிலையங்களில் பதிவாகும் சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளை வாசிக்க நேர்ந்தவர்கள், லாரியானாலும் பஸ்ஸானாலும், நடுப்பகலானாலும் நள்ளிரவானாலும், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற ஒரே சொற்றொடர் மந்திரம்போல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பார்கள். எவ்வளவு வேகம், எதனால் அஜாக்கிரதை, ஒரே வண்டியில் வந்த இருவரில் ஒருவர் பிழைக்க மற்றவர் மாண்டது ஏன் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது. 1998-இல் கர்நாடகத்து லாரி விபத்து வழக்கொன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், 'அதிவேகம்' என்பது ஆளுக்கு ஆள் பொருள் மாறும் சொல்லென்றும், வேகம் இன்னதென்று சாட்சிகள் விளக்காதபோது அதை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியாக்க இயலாதென்றும் தீர்ப்பளித்தது.

மனித சாட்சி தடுமாறும் இடத்தில் சாலையே சாட்சி சொல்லும் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்ததுதான் விபத்துப் புலனாய்வு சாஸ்திரம். பிரேக்கை ஓங்கி மிதித்ததும் சக்கரங்கள் சுழற்சி நின்று தாரின்மேல் தேய்ந்துகொண்டு போகும் கரிய தடத்தை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் நீளத்தையும், சாலையின் உராய்வையும் அறிந்தவர், கார் எந்த வேகத்தில் வந்ததென்று கணித்துவிடலாம். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் நாலு சக்கரமும் 20 மீட்டர் தேய்ந்து நின்ற காரின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 80 மீட்டர் தேய்ந்திருந்தால் 120. வேகம் இரட்டித்தால் தடம் நாலு மடங்காகிறது என்பதே இதன் சூத்திரம். காரின் எடை இந்தக் கணக்கில் நுழைவதேயில்லை என்பதைக் கேட்டு வியக்காதவர் குறைவு. அந்த 20 மீட்டருக்குப் பிறகும் நில்லாமல் 60 கிலோமீட்டர் வேகத்தோடு புளியமரத்தில் மோதியிருந்தால், முதலில் வந்த வேகம் 60-உம் 60-உம் சேர்ந்த 120 அன்று. கூட்ட வேண்டியவை வேகங்களின் வர்க்கங்களாதலால், விடை 85-தான். இந்த நுட்பம் அறியாத நிபுணர் ஒருவர் சாட்சிக்கூண்டில் ஏறினால் நேரக்கூடிய அநீதியை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

தடம் தொடங்குமுன் நடந்ததும் கணக்கில் சேர வேண்டும். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு, அது ஆபத்தென்று உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை வினாடியாகும் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். இருட்டில் விளக்கு எரிந்ததா என்ற வழக்கமான தகராறையும் உடைந்த பல்பின் இழையைப் பார்த்தே தீர்த்துவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு: எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இளகியிருப்பதால் மோதலின் அதிர்ச்சியில் நீண்டு வளைந்துவிடும், கண்ணாடியும் உடைந்து காற்றுப் பட்டால் அதன்மேல் வெண்மையான துகள் படியும், அணைந்திருந்த இழையோ பளபளப்பு மாறாமல் முறிந்து கிடக்கும்.

ஆனால், யார்மேல் குற்றம் என்று முடிவு கட்டியதோடு இந்த அறிவு கோப்புக்குள் உறங்கிவிட்டால் அடுத்த விபத்தைத் தடுக்க அது உதவாது என்பதே என் அபிப்பிராயம். ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்கரின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம். 1917-இல் விமானப் பயிற்சியின்போது இரு விமானங்கள் வானில் மோதிக்கொண்டதில் மற்றவர்கள் மாள, இவர் மட்டும் உட்காயங்களோடு தப்பினார். அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொன்னதை ஏற்காமல் படுக்கையில் கிடந்தபடி யோசித்தவருக்கு, தாம் தப்பியது இருக்கைப் பகுதி நசுங்காமல் நின்றதாலென்றும், தம் வயிற்றைக் கிழித்தது இடுப்புவாரின் கொக்கியே என்றும் தோன்றிற்று. உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் உயிர் தப்பியவர்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்து 1942-இல் அவர் எழுதிய கட்டுரை, மனித உடல் தாங்கக்கூடிய அதிர்ச்சி நாம் எண்ணுவதைவிட மிகப் பெரிதென்று காட்டியது.

பின்னர் கார்னெல் சர்வகலாசாலையில் அவர் கார் விபத்துகளை எடுத்துக்கொண்டபோது அவருக்குத் துணையாக வாய்த்தவர், இண்டியானா மாகாணப் போலீஸில் இருந்த எல்மர் பால் என்ற சார்ஜண்ட். மோதியது யார் குற்றம் என்பதோடு நில்லாமல், காருக்குள் இருந்தவர் எதில் இடிபட்டு இறந்தார் என்றும் அங்குள்ள போலீஸார் குறித்து வைக்க, வைத்தியர்கள் காயங்களை எழுத, எஞ்சினீயர்கள் இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள். வெளியே தூக்கியெறியப்படுவதே பாக்கியம் என்று ஜனங்கள் நம்பியிருந்த காலத்தில், கதவு திறந்து எறியப்பட்டவர்களே அதிகம் மாள்கிறார்கள் என்பது அதனால் வெளியாயிற்று. 1956-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்களில் எளிதில் திறந்துகொள்ளாத கதவுப் பூட்டுகள் வந்தன. போலீஸ்காரர் ஒருவரின் குறிப்பேடு, வைத்தியர் கைவழியாகத் தொழிற்சாலையை எட்டிய வழி இதுதான்.

நம் நாட்டிலும் விபத்துக் காரணங்களை ஆழ்ந்து ஆராயும் திட்டங்களை மாநில அரசுகள் வகுக்கலாமென்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவே இடம் தந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஐராட்' என்ற ஏற்பாட்டில், ஸ்தலத்துக்குப் போகும் காவலர் கைபேசியிலேயே விவரங்களைப் பதிய, மோட்டார் வாகன ஆய்வாளரும் நெடுஞ்சாலைத் துறையினரும் ஆஸ்பத்திரியும் தத்தம் பங்கை அதே பதிவில் சேர்க்கிறார்கள். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம், 64,105 என்ற கணக்கோடு, தமிழ்நாட்டுக்கே. படிவங்கள் நிரம்புவது நல்ல ஆரம்பம். அவற்றை நாலு துறையினரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து படிக்கும் வழக்கமும் வந்தாக வேண்டும்.

வாசகருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. விபத்தொன்றைக் காண நேர்ந்தால் அடிபட்டவரைக் காப்பாற்றுவதே முதல் வேலை. உதவி செய்தவரை வழக்கில் இழுக்கவோ, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவோ கூடாதென்று அதே சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 134-ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் பாதுகாப்பளிக்கின்றன. அது முடிந்தபின், கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளி வண்டிகளை ஓரங்கட்டுமுன், உங்கள் கைபேசியில் சாலைத் தடங்களையும் வண்டிகள் நின்ற நிலையையும் நாலைந்து படம் பிடித்து, வரும் காவலரிடம் கொடுங்கள். ஒரு மழை பெய்தாலும் போதும், அந்தத் தடங்கள் மறுநாள் இருக்கமாட்டா.