கிட்டாரின் கழுத்தை எப்படிப் பொருத்துகிறார்கள்?

மின்கிட்டாரின் ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்து முறுக்கிவிட்டால், அவை ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுக்கும். யாரும் வாசிக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தாலும் இந்த இழுப்பு நிற்காது. மெலிந்த கழுத்தும் தடித்த உடலும் சேரும் இடம் அதைத் தாங்கியாக வேண்டும். எப்படிச் சேர்ப்பது? இதற்கு மூன்று வழிகள் உண்டு.

கலிஃபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது! ஆனால் கெட்டுப்போன பொருளைப் பிரித்துச் சரிசெய்யத் தெரியும். 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டாரில் கழுத்து தனி, உடல் தனி. பின்பக்கத்தில் ஓர் உலோகத் தகடு, நான்கு திருகுகள், அவ்வளவுதான். கழுத்து வளைந்துவிட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். இதுதான் 'போல்ட்-ஆன்' முறை.

கிப்சன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட 'லெஸ் பால்' கிட்டாரில் திருகே இல்லை. கட்டில் சட்டத்தைக் காலில் செருகுவதுபோல, கழுத்தின் முனையைச் செதுக்கி, உடலில் குடைந்த குழியில் பசை தடவிச் செருகியிருப்பார்கள். இது 'செட்-நெக்'. 1957-இல் வந்த ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரிலோ இணைப்பே கிடையாது. கழுத்து மரமே உடலின் நடுவில் வால்வரை ஓடும். இரு பக்கங்களிலும் மரத்துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். இது 'நெக்-த்ரூ'.

மூன்றில் எது நீண்ட நேரம் ஒலிக்கும்? நெக்-த்ரூதான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அறிவியல் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளாது.

மின்கிட்டாரில் கம்பிகளின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் பகுதிக்குப் 'பிக்கப்' என்று பெயர். அதில் காந்தமும் செம்புக் கம்பிச்சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அசைந்தால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஆக, கம்பி எவ்வளவு நேரம் அசைகிறதோ அவ்வளவு நேரம்தான் ஒலி. கம்பியின் ஆற்றல் மரத்துக்குள் போனால் ஒலிக்கு நட்டம்தான்!

அதிகம் திருடுவது யார் தெரியுமா? கழுத்துதான். நீளமான அந்த மரத்துக்கென்று சில இயல்பு அதிர்வெண்கள் உண்டு. நீங்கள் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண் அவற்றில் ஒன்றோடு பொருந்திவிட்டால், கழுத்தும் கூடவே ஆடத் தொடங்கி, கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சுரம் மட்டும் சட்டென்று மங்கிவிடும். இப்படிப்பட்ட இடத்தை 'டெட் ஸ்பாட்' என்பார்கள். திருகினாலும் ஒட்டினாலும் ஒரே மரமாகச் செய்தாலும் இது வரலாம். மரத்தின் விறைப்பும் எடையும் அந்த அளவுக்கு முக்கியம். இணைப்பின் வகையை மட்டும் வைத்து ஒலியைத் தீர்மானிக்க முடியாது.

என்னைக் கேட்டால், பழுதானால் பிரிக்க முடிகிற போல்ட்-ஆன் முறைக்குத்தான் முதல் பரிசு.

தெரிந்தவர் யாரிடமாவது மின்கிட்டார் இருந்தால், அவரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு சுரமாக மீட்டி, எது சீக்கிரம் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிட்டாரின் தலைப்பகுதியில் துணி சுற்றி ஒரு சிறிய கிளாம்ப்பை மாட்டிவிட்டு, மறுபடி மீட்டுங்கள். எடை கூடினால் கழுத்தின் அதிர்வெண் குறையும். மங்கும் இடமும் மாறலாம். மாறியதா என்று எங்களுக்கு எழுதுங்கள்.