கலர் பார்த்து ஏமாறாதே பாஸ்!

மறைமலைநகர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தொழிற்பேட்டை, ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக், காலையில் பீச் டிரெயினில் தொங்கிக்கொண்டு வரும் கூட்டம். அதே ரூட்டில், பொத்தேரி பக்கத்துக் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடு, மாடு, கோழி என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. கூடவே வேளாண் அறிவியல் நிலையம். நாட்டுக்கோழி வளர்க்க டிரெய்னிங்கும் தருகிறார்கள்.

இதை ஏன் இப்போ சொல்றோம்? இன்றைக்கு ஹாஸ்டல் பசங்க மொபைலில் வந்து விழுகிற லேட்டஸ்ட் ஆசை, ‘ரேர் கலர்’ கோழி. ‘ஒரு ஜோடி எடுங்க, ஆறே மாசத்தில் காசு’ என்ற பேச்சை நம்பி, நாலு பேர் பாக்கெட் மணியைச் சேர்த்து ஜோடி வாங்கி, ஊரில் தாத்தா வீட்டுக் கொல்லையில் விட்டுவிடுகிறார்கள். காசு போனால் சம்பாதிச்சுக்கலாம். இனம் போனா?

கல்லில் ஒரு சேவல்

கோழிப் பைத்தியம் நமக்குப் புதுசு இல்லை. நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரில், சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு நடுகல் இருக்கிறது. வயசு ஏறத்தாழ 1,500 வருஷம். அந்தச் சேவலின் பெயர் பொற்கொற்றி, ஊரில் எந்தச் சேரியைச் சேர்ந்தது என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் இப்படி ஒரு சேவல் கல் உண்டு.

அந்தப் பரம்பரையின் இன்றைய ஹீரோ அசில். நம்ம ஊரில் பெருவிடை என்றும் சொல்வார்கள். ‘ஆடுகளம்’ (2011) பார்த்தவர்களுக்கு அறிமுகமே வேண்டாம். ஆனால், விலங்குகளை மோதவிடுவது 1960-ம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதனால் சண்டைக்கு இல்லாமல் அழகுக்காகவே வளர்க்கிற ஒரு வகை இப்போ செம பாப்புலர். பெயர், கிளிமூக்கு விசிறிவால். கிளி மாதிரி வளைந்த குட்டை மூக்கு, தரையைத் தொடுகிற நீள வால். திண்டுக்கல் பக்கமெல்லாம் இதற்குக் கண்காட்சியே நடக்கிறது. நல்ல சேவலுக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள்.

மூக்கு, வால், கண் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. ஆனால், முதலில் கண்ணில் படுவது கலர்தானே! காகம், மயில், வல்லூறு, கீரி, செவலை, சாம்பல்... நம்ம ஆட்கள் வைத்த பெயர்களே ஒரு குட்டி ஜூ.

சாம்பல் புதிர்

சரி, கலர் எப்படி வருது? இங்கேதான் பிளஸ் டூ பயாலஜி மேடம் சொன்ன மெண்டல் என்ட்ரி. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டுபிடித்த விதி விலங்குக்கும் பொருந்தும் என்று 1902-ல் பேட்சன் காட்டியது கோழியை வைத்துத்தான்!

சாம்பல் கோழியையே எடுத்துக்கலாம். சாம்பலில் ரெண்டு டைப் உண்டு. முதல் டைப்பில், சாம்பலையும் சாம்பலையும் ஜோடி சேர்த்தால் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிதான் சாம்பல். கால் பங்கு கறுப்பு, மீதிக் கால் பங்கு திட்டுத் திட்டான வெள்ளை. ‘சாம்பல் ஜோடி, எல்லாக் குஞ்சும் சாம்பலாத்தான் வரும்’ என்று விற்றவர் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான். எல்லாமே சாம்பலாக வேண்டும் என்றால், அந்தக் கறுப்பையும் திட்டு வெள்ளையையும் ஜோடி சேர்க்கணும். இன்னொரு டைப்பில் கதையே வேறு. சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் சாம்பல் மட்டும்தான். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். குஞ்சு பொரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெட்டை எட்டு குஞ்சு பொரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு கலர், அந்த எட்டில் ஒன்றில்கூட வராமல் போக 10 சதவிகித சான்ஸ் இருக்கிறது. முக்கால் என்பதை எட்டு முறை பெருக்கிப் பாருங்க, புரியும். பண்ணை முட்டைக்கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் போடும். அசில் பொதுவாக 100-ஐக்கூட தொடாது. அதனால் ‘ஆறு மாசத்தில் காசு’ எல்லாம் சும்மா.

கறுப்பா இருந்தா கடக்நாத்தா?

கலரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பெஸ்ட் உதாரணம் கடக்நாத், நம்ம ஊர் பாஷையில் கருங்கோழி. மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியில் பில் பழங்குடி மக்கள் வளர்த்த இனம். 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், கறி, எலும்பு வரை கறுப்பு. ரத்தம் சிவப்புதான். முட்டையும் வெளிர் பழுப்புதான். ‘கறுப்பு முட்டை’ என்று யாராவது விற்றால் ஓடிடுங்க!

உள்வரை கறுப்பாக இருக்கக் காரணம், 20-வது குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டிப்பானது. இதை 2011-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அதே மாற்றம் சீனாவின் சில்கியிலும், இந்தோனேசியாவின் ஆயம் செமானியிலும் உண்டு. அதாவது கலர் ஒன்றுதான், இனம் வேறு வேறு.

இன்னொரு ட்விஸ்ட். கடக்நாத் சேவலை வெள்ளைக்கால் நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால், பிறக்கிற பெட்டைக் குஞ்சுகள் பெரும்பாலும் கறுத்த தோலோடு வரும். சேவல் குஞ்சுகள் வெளுத்துவிடும். தோல் கறுப்பை அடக்குகிற ஒரு ஜீன், பாலினத்தைத் தீர்மானிக்கிற இசட் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம். அம்மாவின் இசட் மகனுக்கு மட்டும்தான் போகும். ஆக, பாதி கடக்நாத்தாக இருக்கிற ஒரு பெட்டை, முழுக் கடக்நாத் வேஷத்தில் உங்கள் வீட்டுக்கு வரலாம். கலர் பொய் சொல்லும் பாஸ்!

11 கோழி = 4 கோழி

இதைவிடப் பெரிய ஆபத்து, கலருக்காகச் சொந்தத்துக்குள்ளேயே ஜோடி போடுவது. ஒரு சூப்பர் கலர் சேவல் கிடைத்துவிட்டால், அதன் குஞ்சுகளில் அண்ணனையும் தங்கையையும் சேர்ப்பார்கள். கலர் செட் ஆகிடும். ஆனால், உட்கலப்பு அளவு முதல் தலைமுறையில் 25 சதவிகிதம், மூன்றாவதில் 50 சதவிகிதம். முட்டை பொரியாது, குஞ்சு தங்காது.

நம்ம கணக்குப் புத்திக்கு ஒரு ஃபார்முலா. சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கணும். 1 சேவல், 10 பெட்டை என்றால் விடை 3.6. கொல்லையில் மேய்வது 11 கோழி. இனத்தின் பார்வையில் நாலுகூட இல்லை! அதே 11-ஐ 3 சேவல், 8 பெட்டை என்று மாற்றினால் 8.7. தீவனச் செலவு கிட்டத்தட்ட அதேதான். இனத்தின் ஆயுள்தான் கூடுகிறது.

நோட்டு போடுங்க

ஆசை வந்தாச்சு, வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு...

* ஒவ்வொரு குஞ்சுக்கும் காலில் நம்பர் வளையம் மாட்டுங்க. அப்பா, அம்மா, பொரித்த தேதியை நோட்டில் எழுதுங்க.

* சேவலை மாற்றினால் உடனே முட்டை சேர்க்காதீங்க. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு, மூன்று வாரம்கூட தங்கும். நாலு வாரம் பொறுத்தால் குழப்பம் இல்லை.

* 21 நாளில் குஞ்சு வரும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரா வாரம் குறைக்கலாம். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து கட்டாயம். இதை விட்டால் கலரும் இல்லை, கோழியும் இல்லை.

* தேர்வு செய்யும்போது முதலில் ஆரோக்கியம், அப்புறம் உடல் அமைப்பு, கடைசியில்தான் கலர்.

* ‘குஞ்சு தர்றோம், நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்’ என்கிற ஸ்கீமா? 2012-ல் பெருந்துறை பக்கம் ஈமுக்கோழியில் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க.

பொற்கொற்றி எந்தச் சேரிக் கோழி என்று கல்லில் வெட்டி வைத்தார்கள் நம்ம முன்னோர்கள். நமக்கு வேண்டியது ஒரு 40 பக்க நோட்டுதான். அடுத்த தடவை யாராவது ‘ரேர் கலர் மச்சி’ என்று போட்டோ அனுப்பினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘‘இதோட அப்பா யாரு, அம்மா யாரு?’’ பதில் வந்தால் கோழியைப் பார்க்கப் போங்க. வரலையா? போட்டோவை மட்டும் வால்பேப்பரா வெச்சுக்குங்க!