திறப்பு யார் கையில்?

கண்டி தலதா மாளிகையில் புனித தந்தப் பேழையின் திறப்புகள் மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்கள், தியவடன நிலமே ஆகிய மூவரின் பொறுப்பில் இருக்கின்றன. லினக்ஸ் சேர்வரிலும் உரிமை மூன்று தரப்புக்கே பிரிகிறது: கோப்பின் உரிமையாளர், அவரது குழு, மற்ற எல்லோரும். வாசிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிப் பார்த்தால், தரப்புக்கு ஓர் இலக்கமாக அமைந்த 755 என்ற எண்ணில் உரிமையாளருக்கு மட்டுமே எழுதும் உரிமை உண்டு என்பது விளங்கும்.

பேராதனையில் ஒரு பாடசாலை தன் வேர்ட்பிரஸ் தளத்தில் விளையாட்டுப் போட்டிப் படங்களை ஏற்ற முடியாமல் தவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் படத்தின் அளவைப் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி இயல்பாக ஏற்பது 2 எம்பி வரைதான். சிறிய படமும் ஏறாவிட்டால், படங்கள் சேரும் 'அப்லோட்ஸ்' அடைவின் உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும். தளத்தை வேறு சேர்வருக்கு மாற்றியபின் அடைவு ஒருவர் பெயரிலும், பிஎச்பி இன்னொருவர் பெயரிலும் இருப்பதே பெரும்பாலும் கோளாறு.

எல்லோருக்கும் எழுதும் உரிமை தரும் 777-ஐ அடைவுக்குக் கொடுத்தால் உடனே சரியாகிவிடுமே என்பார்கள். படம் ஏறும், உண்மைதான். ஆனால் அது வீட்டுத் திறப்பைக் கதவிலேயே விட்டுப்போவது போன்றது. சிறிய தளத்தை யார் தேடி வருவார் என்றும் கேட்பார்கள். தேடுவது மனிதரல்ல, தானியங்கி நிரல்கள். அவை சிறிது பெரிது பார்ப்பதில்லை. ஆகவே உரிமையாளரைத் திருத்துங்கள். அடைவுக்கு 755, கோப்புக்கு 644 போதும். அதிகாரம் இல்லையென்றால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள். கதவை அகலத் திறப்பதல்ல, உரியவரிடம் திறப்பைக் கொடுப்பதே தீர்வு.